இதழில் இடம்பெறும் படம்

பறவை பார்த்தல் சிங்கப்பூரில் பலர் விரும்பும் பொழுதுபோக்கு. சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகத்தில் செப்டம்பர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகளைக் காணலாம். புலாவ் உபின் தீவில் இருவாச்சிகளைக் காணலாம். இவற்றைப் பற்றி இதழ் வெளியிடும் மன்றங்கள், உறுப்பினர்கள் எடுக்கும் படங்களையே பெரிதும் நம்பியுள்ளன. ஆயினும், வந்துசேரும் எல்லாப் படங்களும் அச்சேறுவதில்லை. அதற்குக் காரணம் என்ன?

முதலாவது, படத்தின் அளவு. கைப்பேசித் திரையில் பளிச்சென்று தெரியும் படம் தாளில் மங்கிவிடலாம். தெளிவான அச்சுக்குப் பொதுவாக ஓர் அங்குலத்திற்கு 300 படப்புள்ளிகள் வேண்டும். அதன்படி, 8 அங்குல அகலமுள்ள பக்கத்தை நிரப்ப 2400 படப்புள்ளிகள் தேவை. அகலத்தில் 800 படப்புள்ளிகளே இருந்தால், படத்தை 3 அங்குலத்திற்கும் குறைவான அகலத்தில்தான் தெளிவாக அச்சிட முடியும். தகவல் அனுப்பும் செயலிகள் பல, படத்தை அனுப்பும்போதே அதன் அளவைக் குறைத்துவிடுகின்றன. எனவே, கேமராவில் பதிவான மூலக்கோப்பையே மின்னஞ்சலில் இணைத்து அனுப்புவது நல்லது.

இரண்டாவது, விவரக்குறிப்பு. பறவையின் பெயர், பார்த்த நாள், இடம், படம் எடுத்தவரின் பெயர் ஆகியவை படத்துடன் வர வேண்டும். எந்தப் பறவை எந்த மாதத்தில் எங்கே தென்பட்டது என்பதற்கு அப்படம் அப்போதுதான் சான்றாகும். பறவையின் பெயர் உறுதியாகத் தெரியாவிட்டால், ஊகித்து எழுதாமல் அதை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். படத்தின் வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டலாம். இல்லாத பறவையைச் சேர்ப்பது வாசகரை ஏமாற்றுவதாகும்.

மூன்றாவது, பறவையின் நலன். பல்லாண்டுகளாகக் காணப்படாத இருவாச்சி, 1994ஆம் ஆண்டு புலாவ் உபினில் மீண்டும் தென்பட்டது. முட்டையிடும் காலத்தில் பெண் இருவாச்சி மரப்பொந்தினுள் புகுந்து, வாயிலை அடைத்துக்கொள்ளும். சிறு பிளவு மட்டுமே எஞ்சியிருக்கும். ஆண் பறவை அப்பிளவின் வழியாக உணவு ஊட்டும். கேமராக்களுடன் ஆட்கள் நெருங்கினால், அது பொந்தருகே வரத் தயங்கும். அது தயங்கும் நேரமெல்லாம் உள்ளே தாயும் குஞ்சுகளும் பசியோடு காத்திருக்கும். ஆகவே, தொலைவிலிருந்தே படம் எடுக்க வேண்டும். ஒளிவிளக்கைப் பயன்படுத்தக் கூடாது. கூடு இருக்கும் மரம் எது என்பதை இதழாசிரியருக்குத் தெரிவிக்கலாம். இதழில் வெளியிடுதல் தகாது. வெளியிட்டால், அடுத்த நாளே அங்குக் கூட்டம் கூடிவிடும்.

அச்சாகும் ஒவ்வொரு படமும் பிறருக்கு முன்மாதிரியாகிறது. அருகில் சென்று, பறவையைக் கலைத்து எடுத்த படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், பொறுப்புள்ள இதழாசிரியர் அதை ஒதுக்கிவிடுவார். தொலைவிலிருந்து பொறுமையுடன் எடுத்த படத்தையே அவர் தேர்ந்தெடுப்பார். இதழ் வாசகரின் கைக்கு வரும் நாளிலும் அந்தப் பொந்தில் குஞ்சுகள் நலமாக இருக்க வேண்டும் அல்லவா?