தூக்கத்தை முதலில் எழுதுங்கள்

திருச்சிக் கல்லூரிகள் பலவற்றில் ஷிப்டு முறை இருப்பதால், காலையில் வகுப்பு, மதியத்துக்கு மேல் சின்னக்கடை வீதியிலோ என்.எஸ்.பி. சாலையிலோ கடை வேலை என்று பிள்ளைகளால் ஓட முடிகிறது. நேரம் போதாதபோது முதலில் வெட்டுப்படுவது தூக்கம்தான். அது தப்புக் கணக்கு. வாரத்துக்கு 168 மணி நேரம். வகுப்பு 30, கடை 30, பஸ் பயணம் 10, குளியல், சாப்பாடு, துணி துவைப்பு எல்லாம் 21, தூக்கம் தினம் 7 வீதம் 49. கூட்டினால் 140தான். மிச்சம் 28. அதில் பாதியைப் படிப்புக்குக் கொடுத்தாலும், வீட்டாரோடு பேசவும் ஞாயிறு மாலை அம்மா மண்டபப் படித்துறையில் உட்காரவும் நேரம் இருக்கும்.

தேர்வு நேரத்தில் கண்விழிக்காமல் முடியுமா என்பார்கள். படித்ததை மூளை பதிய வைப்பதில் தூக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அதைக் குறைத்துப் படிப்பது ஓட்டைக் குடத்தில் நீர் மொள்வதுதான். படிப்புக்குக் கிடைக்கும் அந்தப் பதினான்கு மணி நேரம் போதுமா என்பது படிக்கும் விதத்தைப் பொறுத்தது. ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், திரும்பத் திரும்ப வாசித்தவர்களைவிட, பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியவர்களுக்கே ஒரு வாரம் கழித்துப் பாடம் அதிகம் நின்றது. ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் நிலையம் வரும் டவுன் பஸ்ஸில் நோட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, நேற்றைய பாடத்தில் ஐந்து கேள்விகளுக்கு மனசுக்குள் விடை சொல்லிப் பாருங்கள். காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் எது நிற்கவில்லை என்று தெரிந்துவிடும். இரவில் அதை மட்டும் புரட்டுங்கள். கடையில் தீபாவளிக் கூட்டமும் கல்லூரியில் நவம்பர் தேர்வும் அடுத்தடுத்து வருபவை. தேர்வுக்கான விடுப்பைக் கடை முதலாளியிடம் ஆவணியிலேயே பேசிவிடுங்கள்.