குட்டிக்கு மூன்று மாதம் வரை காத்திராதே

அன்பு மகளுக்கு,

ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களுக்காக நீ எழுதிய நாய்ப்புழுத் துண்டுப்பிரசுரம் கிடைத்தது. லயத்தையும் பீலிக்கரையையும் பிள்ளைக்காம்பராவையும் ஒரே படத்தில் வரைந்து, புழு போகும் வழியை அம்புக்குறியால் காட்டியிருக்கிறாயே, அதுபோல் ஒன்றை நம் துறையில் யாரும் செய்து நான் பார்த்ததில்லை. படிக்கத் தெரியாத பாட்டிக்கும் அது விளங்கும். ஆனால் அதிலுள்ள இரண்டு வரிகள் என்னைத் தூங்கவிடவில்லை.

"குட்டிக்கு மூன்று மாதமானதும் பூச்சி மருந்து கொடுங்கள்" என்பது முதல் வரி. மூன்று மாதமா? நாயின் வட்டப்புழு தாயின் வயிற்றில் இருக்கும்போதே குட்டிக்குள் புகுந்துவிடுகிறது. கொளுக்கிப்புழுவோ தாய்ப்பாலோடு போகிறது. ஒரு மாதக் குட்டியே முட்டைகளை வெளியே தள்ளத் தொடங்கிவிடும். ஒரு பெண் வட்டப்புழு நாளொன்றுக்கு ஒரு லட்சம் முட்டைக்கு மேலும் இடும். இஸ்தோப்பில் பிள்ளைகள் மடியில் போட்டுக் கொஞ்சுவதும் அந்த வயதுக் குட்டியைத்தானே?

மஸ்கெலியாப் பக்கம் நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு லயத்தில் ஈற்றுக்கு ஈற்று குட்டிகள் செத்தன. ஈறு வெளுத்திருக்கும், மலம் தார்போல் கறுத்திருக்கும். சோதித்தால் மலத்தில் ஒரு முட்டைகூட இருக்காது. பாலில் வந்த கொளுக்கிப்புழு, முட்டையிடும் பருவத்தை அடையுமுன்பே இரத்தத்தை உறிஞ்சிக் குட்டியைக் கொன்றுவிடும். அந்த லயத்துப் பெண்கள் அடுத்த ஈற்றில் இரண்டாம் வாரமே மருந்து கேட்டு வந்தார்கள். அவர்களுக்குப் புரிந்ததை உன் பிரசுரமும் சொல்ல வேண்டும்: இரண்டாம் வாரம் முதல் மருந்து, பிறகு எட்டு வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, கூடவே தாய்க்கும்.

வட்டப்புழுவின் முட்டை வெளியே வந்தவுடன் தொற்றாது. மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்துதான் தொற்றும் நிலைக்கு வரும். பிறகு ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருக்கும். ஆகவே முற்றத்திலும் மரக்கறிப் பாத்தியிலும் கிடக்கும் நாய் மலத்தை அன்றன்றே அள்ளிப் புதைப்பது பாதி வைத்தியம். அந்த முட்டையைப் பிள்ளை விழுங்கிவிட்டால் குடம்பி கண்வரை போகலாம். புற்றுநோய்ச் சந்தேகம் போன்ற காரணங்களுக்காக அகற்றப்பட்ட குழந்தைகளின் கண்களை அமெரிக்காவில் ஹெலனோர் வைல்டர் ஆராய்ந்து 1950-இல் எழுதினார். 46 கண்களில் 24-இல் இருந்தது புழுக் குடம்பி.

இரண்டாவது வரி இன்னும் மோசம்: "நாயின் கொளுக்கிப்புழு மனிதருக்குத் தோல் அரிப்பை மட்டுமே தரும்." மகளே, ஆன்சைலோஸ்டோமா சிலானிக்கம் என்ற கொளுக்கிப்புழுவை எப்படி மறந்தாய்? லூஸ் என்ற ஜெர்மானியர் 1911-இல் நம் இலங்கைத் தீவின் புனுகுப்பூனையிலிருந்து விவரித்த புழு அது. 1913-இலேயே வங்காளத்தில் மனிதக் குடலில் இருப்பதை லேன் எழுதிவிட்டார். அதன்பின் பிரேசிலியென்ஸ் என்ற இன்னொரு புழுவோடு சேர்த்துக் குழப்பிவிட்டார்கள். தோலை மட்டும் அரிக்கச் செய்வது அந்தப் பிரேசிலியென்ஸ்தான். இரண்டும் வேறு என்று பியோக்கா 1951-இல் பிரித்துக் காட்டினார். பழைய பாடநூல்களின் அந்தக் குழப்பம் இன்றும் உன் எழுத்தில் இருக்கிறது. நாயிலும் பூனையிலும் வாழும் சிலானிக்கம் மனிதக் குடலிலும் தங்கி வளர்ந்து இரத்தம் குடிக்கும். ஏற்கெனவே இரத்தசோகையோடு மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும் பெண்ணிடம் "வெறும் அரிப்பு" என்று சொல்லலாமா?

1916-இல் ராக்பெல்லர் அறநிலையத்தார் நம் தோட்டங்களில் கொளுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியபோது மனிதருக்கு மருந்து, மனிதருக்கு மலசலகூடம் என்றே பேசினார்கள். அது தேவையான வேலைதான். ஆனால் இன்றும் நாம் பள்ளிப் பிள்ளைக்கு மாத்திரை கொடுத்துவிட்டு அதன் காலடியில் படுத்திருக்கும் நாயை விட்டுவிடுகிறோம். சிறுத்தைக்கும் காட்டுப்பன்றிக்கும் பயந்து வளர்க்கும் நாய்களை விரட்டச் சொல்வதில் பயனில்லை. விசர்நாய்த் தடுப்பூசி போட வரும் நாளிலேயே லயத்து நாய்கள் எல்லாவற்றுக்கும் புழு மருந்தும் கொடுத்துவிட வேண்டும். ஒரு வீட்டு நாயை விட்டுவிட்டாலும் முற்றம் மறுபடி கெடும்.

மறுபதிப்புக்குமுன் அந்த இரண்டு வரிகளையும் மாற்று. பிரசுரத்தைத் தொழிலாளருக்கு மட்டும் கொடுக்காமல் தோட்ட முகாமையாளருக்கும் அனுப்பு. மருந்துச் செலவை ஏற்க வேண்டியது தோட்ட நிர்வாகம்தான்.

அன்புடன்,
உன் மூத்த கால்நடை வைத்தியர்