பதறாத கண்ணாடி சிதறாது

கண்ணாடி மணிகளுக்கும் தமிழர்களுக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அகழாய்வு நடத்தினார். அவ்விடத்தில் கிடைத்த பொருள்களுள் சிறு கண்ணாடி மணிகள் ஏராளம். அதே வகை மணிகள் நம் நாட்டில் கெடாவின் சுங்கை மாஸ், பேராக்கின் கோலா செலின்சிங் ஆகிய இடங்களிலும் கிடைத்துள்ளன. அங்கேயே மணிகள் செய்யப்பட்டதற்கான சான்றுகளும் உள்ளன. உருகிய கண்ணாடியை நீண்ட மெல்லிய குழாயாக இழுத்து, ஆறிய பின்னர்த் துண்டுகளாக நறுக்கிச் செய்யப்பட்டவை அம்மணிகள்.

இக்கட்டுரை எடுத்துக்கொண்டது வேறொரு முறை. கண்ணாடிக் குச்சியின் நுனியைத் தீச்சுடரில் உருக்கி, களிமண் பூச்சுப் பூசிய எஃகுக் கம்பியின்மேல் சுற்றி, ஒவ்வொரு மணியாக உருவாக்கும் முறை அது. வெனிசிலும் வாரணாசியிலும் இன்றும் இவ்வாறு மணிகள் செய்யப்படுகின்றன. ஒரு மேசை அளவு இடத்தில் செய்யக்கூடிய கைத்தொழில் என்பதால் பலரும் கற்க விரும்புகின்றனர். ஆனால், குச்சியைச் சுடரில் காட்டியவுடன் அது 'பட்' என்று வெடித்துச் சுடுதுண்டுகளாய்த் தெறிக்கும்போது, தொடங்கிய வேகத்திலேயே கைவிடுவோரும் உண்டு. குச்சி ஏன் வெடிக்கிறது? தடுப்பது எப்படி?

1. வெடிப்பின் காரணம்

இடைநிலைப் பள்ளியில் 'பெங்கெம்பாங்கான் ஹாபா' என்று நாம் படித்த வெப்ப விரிவுதான் இதன் அடிப்படை. மணி செய்யப் பயன்படும் மென்கண்ணாடியின் விரிவெண் பெரும்பாலும் 104 எனக் குறிக்கப்படும். அதாவது, 1 மீட்டர் நீளக் குச்சியை 100 பாகை செல்சியஸ் சூடாக்கினால் அது 1.04 மில்லிமீட்டர் நீளும். ஆய்வுக்கூடக் குவளைகள் செய்யப்படும் போரோசிலிக்கேட் கண்ணாடியோ 0.33 மில்லிமீட்டர்தான் நீளும்.

விரிவதால் மட்டும் கண்ணாடி உடைவதில்லை. முழுக் குச்சியும் ஒரே சீராகச் சூடேறினால் எந்தக் கேடும் இல்லை. கண்ணாடி வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். சுடரோ ஏறத்தாழ 2,000 பாகை வெப்பமுடையது. ஆகவே, வெளிப்புறம் உடனே விரிய முயல்கிறது. உட்புறம் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது. விரியும் வெளிப்புறம் உட்புறத்தை இழுக்கிறது. அமுக்கத்தைத் தாங்கும் கண்ணாடி, இழுப்பைத் தாங்காது.

ஒரு சிறு கணக்கு இதனைத் தெளிவாக்கும். 104 வகைக் கண்ணாடியில் விரிவு முற்றிலும் தடுக்கப்பட்டால், ஒவ்வொரு பாகை வேறுபாட்டிற்கும் ஏறத்தாழ 0.9 மெகாபாஸ்கல் தகைவு உண்டாகும். புழக்கத்தில் கீறல்பட்ட சாதாரணக் கண்ணாடி 40 மெகாபாஸ்கல் அளவிலேயே உடையக்கூடும். எனவே, 50 பாகை வேறுபாடே போதும், கண்ணாடி உடைந்துவிடும்! போரோசிலிக்கேட்டில் இத்தகைவு மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

2. வெட்டிய நுனியின் பங்கு

கண்ணாடியில் விரிசல் எப்போதும் ஒரு குறையிலிருந்தே தொடங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்கீறல்களே கண்ணாடியின் வலிமையைக் குறைக்கின்றன என்பதை ஏ.ஏ. கிரிஃபித் 1921இல் வெளிவந்த ஆய்வுரையில் விளக்கினார். குச்சியை வெட்டிய நுனியில் இத்தகைய கீறல்கள் மிகுதி. அதோடு, இழுப்புக்கு உள்ளாகும் உட்புறம் அந்த நுனியில்தான் வெளியே தெரிகிறது. அதனால்தான் வெடிப்பு பெரும்பாலும் நுனியில் நிகழ்கிறது.

சில குச்சிகள் மட்டும் மீண்டும் மீண்டும் வெடிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தயாரிக்கும்போது அவை விரைந்து ஆறியதால், உள்ளே தகைவு தங்கிவிடுகிறது. இதனை விடுதி அறையிலேயே சோதிக்கலாம். கணினியின் எல்.சி.டி. திரையில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, முனைவாக்கும் கறுப்புக் கண்ணாடி வழியே பாருங்கள். அக்கண்ணாடியைத் திரை இருண்டு போகும்வரை திருப்புங்கள். பிறகு, ஒளி ஊடுருவும் குச்சியை இரண்டிற்கும் நடுவே பிடியுங்கள். தகைவு மிகுந்த பகுதிகள் இருளில் ஒளிரும். ஒளி புகாத நிறக் குச்சிகளுக்கு இச்சோதனை பயன்படாது.

3. தடுக்கும் வழிகள்

அ) சில்லு பெயர்ந்த நுனியை முதலில் வெட்டி நீக்குக. குச்சியைக் கழுவி நன்கு உலர்த்துக.

ஆ) சுடரின் நடுவில் குச்சியைச் செருகாதீர். சுடர் முடியும் தொலைவான பகுதியில், உருட்டிக்கொண்டே உள்ளே காட்டி வெளியே எடுத்து, பல முறை சூடேற்றுக. நுனி சிவந்து ஒளிர்ந்த பிறகே மெல்ல நெருங்குக.

இ) தடித்த குச்சிக்குக் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும். தடிமன் இருமடங்கானால், வெப்பம் நடுப்பகுதியை அடையும் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும்.

ஈ) ஒருமுறை உருகிய குச்சிதானே என்று அலட்சியம் வேண்டா. மேசையில் வைத்த சில நிமிடங்களில் அது ஆறிவிடும். மறுமுறையும் முதல்முறை போலவே தொடங்க வேண்டும்.

உ) தொடர்ந்து வெடிக்கும் குச்சிகளைச் சூளையில் 500 முதல் 520 பாகை வரை மெதுவாகச் சூடேற்றி, ஒரு மணி நேரம் வைத்திருந்து, மெதுவாக ஆறவிடுக. தங்கிய தகைவு தளரும்.

ஊ) விரிவெண் வேறுபடும் கண்ணாடிகளை ஒரே மணியில் கலக்காதீர். பழைய புட்டியை உடைத்து 104 வகைக் குச்சியோடு சேர்த்தால், மணி ஆறும்போது பிளவுபடும்.

4. மணி முடிந்த பின்னர்

வெடிப்பின் ஆபத்து சுடரோடு முடிவதில்லை. ஆறும்போது நிலைமை தலைகீழாகிறது. வெளிப்புறம் முதலில் சுருங்க, இழுப்பு மேற்பரப்பிலேயே ஏற்படுகிறது. கீறல்கள் இருப்பதும் மேற்பரப்பில்தான். ஆகவே, முடிந்த மணியையும் அதே 500 முதல் 520 பாகைச் சூளையில் வைத்து, படிப்படியாக ஆற்றிப் பதப்படுத்த வேண்டும். வெப்பந்தாங்கும் போர்வையில் சுற்றி வைப்பது ஆறும் வேகத்தைக் குறைக்குமே தவிர, பதப்படுத்தலுக்கு ஈடாகாது. பதப்படுத்தாத மணி பல நாள்கள் கழித்தும் தானாக விரியலாம். பிரிக்பீல்ட்ஸ் அல்லது கிள்ளான் தெங்கு கிளானா சாலைக் கடையில் விற்பனைக்கு வைத்த மாலை, வாங்கியவர் கழுத்தில் உடைந்தால் போவது ஒரு மணியன்று, செய்தவரின் நற்பெயர்.

5. நம் வீடுகளுக்கு ஏற்ற பாதுகாப்பு

நான் வசிக்கும் சுங்கை வே வட்டாரத்தில் அடுக்குமாடி வீடுகளும் வரிசை வீடுகளும் நெருங்கி அமைந்துள்ளன. இத்தகைய வீடுகளில் மூடிய அறைக்குள் எரிவாயுச் சுடரை இயக்குவது ஆபத்தானது. நல்ல காற்றோட்டம் வேண்டும்; ஆனால், மேலே மின்விசிறி சுழலக்கூடாது. அதன் காற்று சுடரை அலைக்கழிக்கும். சூடான மணியையும் சட்டென்று குளிர்விக்கும்.

பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் ஒரு முறைகூடச் சுடர் முன் அமரக்கூடாது. பருத்தி ஆடையும் மூடிய காலணியும் அணிந்து, கூந்தலை முடிந்துகொள்ள வேண்டும். குச்சியின் நுனி உங்கள் முகத்தையோ பிறரையோ நோக்கியிருத்தல் ஆகாது. தெறித்து விழும் துண்டைக் கையால் பிடிக்க முயலாதீர். மேசையில் ஓட்டுப் பலகையோ உலோகத் தகடோ பரப்பியிருந்தால் அது விழுந்த இடத்திலேயே ஆறும். தோல் சுட்டால் 20 நிமிடம் ஓடும் குளிர்நீரில் காட்டுக. கண்ணில் துகள் விழுந்தால் தேய்க்காமல், உடனே மருத்துவமனைக்குச் செல்க.

முடிவுரை

இங்குச் சொன்ன வழிகள் அனைத்தையும் ஒரே வரியில் அடக்கலாம்: கண்ணாடியின் உள்ளும் புறமும் ஒன்றாகச் சூடேறவும் ஒன்றாக ஆறவும் நேரம் கொடுக்க வேண்டும். 'பதறாத காரியம் சிதறாது' என்று நம் முன்னோர் சொன்னது இக்கைத்தொழிலுக்கு எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகிறது. மலாயிலும் ஆங்கிலத்திலும் நாம் படிக்கும் இயற்பியலைத் தமிழில் எழுதிப் பார்த்தால், கைவேலை செய்யும் நம் அக்கா, அத்தை, அம்மாவிடமும் அது போய்ச் சேரும். கழக உறுப்பினர்கள் தத்தம் துறைசார்ந்த ஒரு பாடத்தையேனும் இவ்வாறு தமிழில் எழுத முன்வர வேண்டும்.