எதிர்பாராத ஒலியும் கவனமும்

கற்றல் நோக்கம்: எதிர்பாராத ஒலி நம் கவனத்தை ஈர்ப்பதன் காரணத்தையும், அதனால் செயலில் ஏற்படும் தடையையும் அறிந்து, சொந்த நடையில் எழுதுதல்.

கண்ணுக்கு இமை உண்டு. செவிக்கு அதுபோன்ற மூடி இல்லை. நாம் உறங்கும்போதும் செவி ஒலிகளைப் பெற்றுக்கொண்டே இருக்கிறது. எனினும், செவியில் விழும் ஒலிகள் எல்லாம் நம் கருத்தில் பதிவதில்லை. படிக்கும் அறையில் சுழலும் மின்விசிறியின் ஓசையைச் சிறிது நேரத்தில் மறந்துவிடுகிறோம். அறைக்கு வெளியே ஒரு பாத்திரம் விழுந்தாலோ உடனே தலை திரும்புகிறது. படித்த வரி நழுவிப்போகிறது. இந்த வேறுபாடு ஏன் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

'அது என்ன?'

உருசிய அறிவியலாளர் இவான் பாவ்லோவ், செரிமானம் பற்றிய ஆய்வுக்காக 1904ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றவர். ஒரு குறிப்பிட்ட ஒலியைக் கேட்டவுடன் உணவை எதிர்பார்த்து உமிழ்நீர் சுரக்கும்படி அவர் நாய்களைப் பழக்கினார். ஆனால், நன்கு பழகிய நாயும் சில வேளைகளில் தவறியது. புதிய காலடி ஓசை கேட்டாலோ, அயலார் எவரேனும் உள்ளே வந்தாலோ, நாயின் செவி அப்பக்கம் திரும்பியது. உமிழ்நீர் சுரப்பது குறைந்தது. இதனை அவர், 'அது என்ன?' என்று வினவும் அனிச்சைச் செயல் என்றார். வெளி ஒலிகளைத் தடுப்பதற்காகவே தடித்த சுவர்களைக் கொண்ட ஆய்வுக்கூடம் ஒன்று அவருக்காகச் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் கட்டப்பட்டது. அது 'மௌனக் கோபுரம்' என்று பெயர் பெற்றது.

இந்த அனிச்சைச் செயல் ஒரு குறை அன்று, உயிர்க்குக் காவல். சருகு அசையும் ஓசைக்குத் தலை நிமிராத மான், புலிக்கு இரையாகும். ஆயினும், அதே காவல் நாம் செய்துகொண்டிருக்கும் வேலைக்குத் தடையாகவும் அமைகிறது.

உரப்பா, எதிர்பாராமையா?

உளவியல் ஆய்வுகளில், திரையில் தோன்றும் எண் ஒற்றையா இரட்டையா என்று விரைவாகக் கூறும்படி பங்கேற்போரைக் கேட்பர். ஒவ்வோர் எண்ணுக்கும் முன்பு ஒரே ஒலி ஒலிக்கும். எப்போதாவது ஒருமுறை மட்டும் வேறோர் ஒலி வரும். ஒலிகளைப் பொருட்படுத்த வேண்டா என்று முன்னரே கூறியிருப்பினும், மாறுபட்ட ஒலிக்குப் பின் விடை சற்றுத் தாமதமாகவே வரும். அத்தாமதம் ஒரு நொடியின் நூறில் சில பங்குதான். மாறுபட்ட ஒலி வரப்போவதைத் திரையில் முன்கூட்டியே அறிவித்தால், அத்தாமதம் பெரிதும் குறைகிறது. ஆகவே, ஒலியின் உரப்பு மட்டும் காரணம் அன்று; அது எதிர்பாராமல் வருவதே முதன்மைக் காரணம் ஆகும். மூளை அடுத்து வருவதை ஓயாமல் எதிர்நோக்குகிறது. எதிர்பார்ப்புப் பொய்த்த இடத்தில் கவனம் திரும்புகிறது. ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி திடீரென நின்றால் நாம் நிமிர்ந்து பார்ப்பதும் இதனால்தான்.

ஒரு பள்ளியின் பாடம்

ஒருமுறை கவனம் சிதறினால் இழப்புச் சிறிது. நாள்தோறும் சிதறினால் என்னவாகும்? நியூயார்க் நகரில், மேம்பாலத் தொடர்வண்டிப் பாதைக்கு அருகில் ஒரு பள்ளி இருந்தது. வகுப்பு நடக்கும் வேளையில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை வண்டி கடந்தது. ஆசிரியர் பேச்சை நிறுத்தினார். மாணவர் கருத்து அறுந்தது. விட்டு விட்டு வரும் உரத்த ஒலிக்கு மனம் எளிதில் பழகுவதில்லை. ஆர்லின் பிரான்சாஃப்ட் என்னும் உளவியலாளர் அங்கு நடத்திய ஆய்வு 1975ஆம் ஆண்டில் வெளிவந்தது. பாதையை ஒட்டிய வகுப்பறைகளில் பயின்ற மாணவர், மறுபுறத்து அமைதியான அறைகளில் பயின்றவரைவிட வாசிப்பில் பின்தங்கியிருந்தனர். மேல்வகுப்பில் அவ்வேறுபாடு ஏறத்தாழ ஓராண்டாக இருந்தது.

அதன்பின் தண்டவாளத்தில் இரப்பர்த் தகடுகள் பொருத்தப்பட்டன. வகுப்பறைக் கூரைகளில் ஒலியை உறிஞ்சும் பலகைகள் அமைக்கப்பட்டன. 1981ஆம் ஆண்டில் வெளிவந்த மறு ஆய்வில், இருபுறத்து மாணவரும் வாசிப்பில் ஒத்த நிலையில் இருந்தனர். குறை மாணவரிடம் இல்லை, சூழலில்தான் இருந்தது என்பது தெளிவாயிற்று.

நம் கடமை

நம் நாட்டில் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் நடைமுறையில் உள்ளன. மருத்துவமனை, கல்வி நிறுவனம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் பரப்பை அமைதி மண்டலமாக அறிவிக்க அவை வழிசெய்கின்றன. அங்குப் பகலில் 50 டெசிபலும் இரவில் 40 டெசிபலும் ஒலியின் வரம்பு ஆகும்.

எதிர்பாராத ஒலிக்குத் திரும்பாமல் இருப்பது மனவுறுதியால் மட்டும் இயலாது. எனவே, படிக்கும்போது கைப்பேசியின் ஒலியை நிறுத்தி வையுங்கள். இடையூறு நேர்ந்தால், விட்ட வரியில் ஒரு குறியிட்டுப் பின் தொடருங்கள். தேர்வுக் காலத்தில் அண்டை வீட்டில் படிப்பவரையும் எண்ணிப் பாருங்கள். நாம் எழுப்பும் ஓர் ஒலி நமக்கு எதிர்பார்த்த ஒன்று; பிறர்க்கு அவ்வாறு அன்று.

சொற்பொருள்
அனிச்சைச் செயல் – எண்ணாமலே நிகழும் செயல்
உரப்பு – ஒலியின் வலிமை
அயலார் – வேற்றார்

பயிற்சி
1. பாவ்லோவுக்கு 'மௌனக் கோபுரம்' ஏன் தேவைப்பட்டது?
2. ஒலியின் உரப்பு மட்டும் கவனச் சிதறலுக்குக் காரணம் அன்று என்பதை எவ்வாறு அறிகிறோம்?
3. 'குறை மாணவரிடம் இல்லை' – இக்கூற்றை விளக்கி ஒரு பத்தி எழுதுக.
4. பிரித்து எழுதுக: இப்பாடம், காலடி, வகுப்பறை.
5. செயல்பாடு: உம் நண்பர் பத்துக் கூட்டல் கணக்குகளை இருமுறை செய்யட்டும். முதல்முறை மேசையில் சீராகத் தாளமிடுக. இரண்டாம் முறை வேறு கணக்குகளைக் கொடுத்து, எதிர்பாராத வேளைகளில் கைதட்டுக. இருமுறையும் ஆன நேரத்தை ஒப்பிட்டு எழுதுக.