பழி 486-க்கு, பழுது வயரில்

பழைய கம்ப்யூட்டர்கள் இருக்கும் லேபில் நெட்வொர்க் படுத்துவிட்டால், வருகிற சர்வீஸ் இன்ஜினியர் முதலில் பார்ப்பது மெஷினின் வயதைத்தான். "486தானே சார், இதுக்கு மேல என்ன எதிர்பார்க்கறீங்க?" என்று கேட்டுவிட்டு, புது மெஷினுக்கோ புது நெட்வொர்க் கார்டுக்கோ கொட்டேஷன் எழுதத் தொடங்கிவிடுவார். அதே மெஷின் தனியாக இருக்கும்போது ஃபாக்ஸ்புரோவைச் சிக்கல் இல்லாமல் ஓட்டுவது அவர் கண்ணில் படாது. தொண்ணூறுகளின் பிற்பாதியில் கும்பகோணத்தில் ஒரு பயிற்சி மையம் இப்படித்தான் வீண் செலவில் மாட்டிக்கொண்டது. அந்த லேபைப் பார்த்துக்கொண்டவன் இதை எழுதுபவன். கார்டுகளை மாற்ற வேண்டாம் என்று அன்றே சொன்னான். யாரும் காதில் வாங்கவில்லை.

அன்றைய லேப்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருந்தன. மூலையில் நோவெல் நெட்வேர் சர்வர். அதிலிருந்து கறுப்பு கோஆக்சியல் வயர் ஒன்று சுவரோரமாக மெஷினுக்கு மெஷின் போகும். ஒவ்வொரு மெஷினின் பின்னாலும் ஒரு டி-கனெக்டர்; வயரின் இரு கோடியிலும் 50 ஓம் டெர்மினேட்டர். 10பேஸ்2 என்பது இந்த முறையின் பெயர். முந்தைய தடித்த வயரைவிட மலிவு என்பதால் சீப்பர்நெட் என்றும் அழைத்தார்கள். ஒரே தொடராக 185 மீட்டர் வரை இழுக்கலாம், 30 இணைப்பு வரை கொடுக்கலாம். மலிவில் ஒரு வம்பும் உண்டு: வயர் எங்காவது ஓரிடத்தில் விட்டுப்போனால் அறை முழுவதும் நின்றுவிடும்.

கும்பகோணத்தில் முழுவதும் நிற்கவில்லை. தொல்லையே அதுதான்.

காலையில் ஓரிருவர் மட்டும் உட்கார்ந்து வேலை செய்தால் ஒரு குறையும் தெரியாது. மாலை வகுப்பில் எல்லா மெஷினிலும் பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஃபைலைத் திறந்தால், பலகைத் தடுப்புக்கு அப்பால் இருந்த வரிசையில் 'அபார்ட் ஆர் ரீட்ரை' என்ற நெட்வேர் செய்தி வந்து நிற்கும். ரீட்ரை கொடுத்தால் சில சமயம் நகரும், சில சமயம் நகராது. பராமரிப்பு ஒப்பந்தத்தில் (ஏ.எம்.சி.) வரும் இன்ஜினியர் டி-கனெக்டரில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தார். மீட்டர் சரியான அளவைக் காட்டியது. வயரில் குறையில்லை, பின்வரிசைக் கார்டுகள்தான் போய்விட்டன என்று முடிவு சொன்னார். உரிமையாளர் பணம் கட்டினார். புதுக் கார்டுகள் வந்தன. அவற்றிலும் அதே செய்தி வந்தது. அடுத்து, மதர்போர்டே பழசு, மொத்தமாக மாற்றுங்கள் என்றார்.

அவர் வயரை மீட்டரால் பார்த்தாரே தவிர, கண்ணால் பார்க்கவில்லை. பல மாதங்களுக்கு முன் தடுப்பைத் தள்ளிக் கட்டியபோது வயர் எட்டவில்லை. உள்ளூர் கேபிள் டி.வி.க்காரரைக் கூப்பிட்டு ஒரு துண்டு சேர்த்திருந்தார்கள். பார்வைக்கு இரண்டு வயரும் ஒன்றேதான்: கறுப்பு உறை, உள்ளே பின்னல், நடுவில் கம்பி. இரண்டு விரலுக்கு இடையில் வைத்து உருட்டினால் வித்தியாசம் பிடிபடும். ஒன்று 5 மில்லிமீட்டர் தடிமன், மற்றது 6 மில்லிமீட்டர். படிந்திருந்த தூசியை ஈரத்துணியால் துடைத்தபோது, ஒன்றின் உறையில் ஆர்ஜி-58 என்றும் மற்றதில் ஆர்ஜி-59 என்றும் அச்சிட்டிருந்தது தெரிந்தது. முன்னது நெட்வொர்க்குக்கான 50 ஓம் வயர். பின்னது டி.வி.க்கான 75 ஓம் வயர்.

இந்த ஓம் சாதாரண மல்டிமீட்டரில் தெரியாது. வேகமாக மாறும் சிக்னலுக்கு மட்டும் வயர் காட்டும் குணம் அது. நடுக் கம்பியின் தடிமன், பின்னலுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி, நடுவில் உள்ள பிளாஸ்டிக் ஆகியவற்றைப் பொறுத்தது. 50 ஓம் வயர் 75 ஓமாக மாறும் இடத்தில் சிக்னல் வோல்டேஜில் ஐந்தில் ஒரு பங்கு வந்த வழியே திரும்புகிறது. துண்டு முடிந்து மறுபடி 50 ஆகும் இடத்திலும் அப்படியே. திரும்பி வந்தது பின்னால் வரும் பிட்டுகளோடு கலந்து பாக்கெட்டைக் கெடுக்கிறது. கெட்டுப்போன பாக்கெட்டைக் கார்டு தள்ளிவிடும். மறுபடி அனுப்ப வேண்டியிருக்கும். ஆள் குறைவாக இருந்தால் மறுபடி அனுப்பியே சமாளித்துவிடும். கூட்டம் சேர்ந்தால் திணறும். மாலை வகுப்பில் மட்டும் தொல்லை வந்ததற்கு இதுதான் காரணம்.

அந்தத் துண்டை எடுத்துவிட்டு ஆர்ஜி-58 வயரை அளந்து வெட்டி, இருபுறமும் பி.என்.சி. கனெக்டர் கிரிம்ப் செய்து மாட்டியதும் செய்தி நின்றது. கழற்றிப் பெட்டியில் போட்டிருந்த பழைய கார்டுகளைத் திரும்பப் பொருத்திப் பார்த்தபோது அவையும் ஒழுங்காக ஓடின. கார்டுக்குக் கொடுத்த பணம் மட்டும் திரும்பி வரவில்லை. அந்த இன்ஜினியர் ஒரு வார்த்தை வருத்தமும் சொல்லவில்லை.

தடுப்பை நகர்த்தாத லேப் எது? ஃபேன் மாட்டவும் சுண்ணாம்பு அடிக்கவும் வந்தவர்கள் வயரைத் தொடாத லேப் எது? ஆகவே சோதனையை வயரிலிருந்துதான் தொடங்க வேண்டும். எல்லா மெஷினையும் அணைத்துவிட்டு, ஒரு டி-கனெக்டரைக் கார்டிலிருந்து கழற்றி, நடு ஊசிக்கும் வெளி உலோகத்துக்கும் இடையே மீட்டரை வைக்க வேண்டும். 25 ஓமை ஒட்டிக் காட்டினால் இரண்டு டெர்மினேட்டரும் இருக்கின்றன. 50 காட்டினால் ஒன்று இல்லை, அல்லது வயர் நடுவில் அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் எங்கோ ஒரு கனெக்டரில் பின்னலின் இழை நடுக் கம்பியைத் தொடுகிறது. 25 வந்துவிட்டது என்று அத்தோடு விடக்கூடாது. உறையில் உள்ள அச்சை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை படித்துக்கொண்டே போக வேண்டும்.

கையில் ஒரு உபரி டெர்மினேட்டர் இருந்தால் மீதி வேலை எளிது. நடுவில் உள்ள மெஷினின் டி-கனெக்டரில், சர்வருக்கு எதிர்ப்பக்கம் போகும் வயரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் டெர்மினேட்டரை மாட்டினால், சர்வர் பக்கத்துப் பாதி தனி நெட்வொர்க் ஆகிவிடும். அந்தப் பாதியில் உள்ள எல்லா மெஷினிலும் ஒரே சமயத்தில் பெரிய ஃபைலைக் காப்பி போட வேண்டும். தாங்கினால் பழுது மறு பாதியில். அதையும் இப்படியே இரண்டாக்கிக்கொண்டு போனால் பழுதான துண்டு சிக்கிவிடும்.

மற்றவை எல்லோரும் அறிந்த வேலை. டி-கனெக்டர் கார்டிலேயே நேராக உட்கார வேண்டும், நடுவில் வால் வயர் கூடாது. என்இ2000 வகைக் கார்டுகள் ஐஆர்க்யூ 3-ல் இருந்தால் காம்2 போர்ட்டோடு மோதும். நெட்வேர் 3.11 இயல்பாக 802.3 ஃபிரேம் பேசும், 3.12 முதல் 802.2 பேசும், சர்வரும் மெஷினும் ஒரே வகையில் இருக்க வேண்டும்.

ஹப்பும் ஸ்விட்ச்சும் வந்தபின் ஒரு வயர் போனால் ஒரு மெஷின்தான் போகிறது. ஆனாலும் பழி போடும் பழக்கம் போகவில்லை. லேத் மெஷினோடு இணைந்த எக்ஸ்பி கம்ப்யூட்டர் இன்னும் ஓடும் பட்டறைகளில், விண்டோஸ் 10 மெஷின் வந்து சேர்ந்ததும் ஷேர் செய்த ஃபோல்டர் திறக்காமல் போகும். எக்ஸ்பி செத்துவிட்டது என்பார்கள். பிங் செய்தால் பதில் வரும். கார்டும் வயரும் செத்துவிடவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. ஃபோல்டரைப் பகிர எக்ஸ்பி-க்குத் தெரிந்தது எஸ்எம்பி1 என்ற பழைய முறை மட்டும். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் அதன் ஓட்டை வழியாகத்தான் பரவியது. அதே ஆண்டு வந்த 1709 பதிப்பிலிருந்து விண்டோஸ் 10 அதை விலக்கத் தொடங்கியது. எல்லா மெஷினிலும் அதைத் திரும்ப இயக்குவது ஆபத்து. எக்ஸ்பி மெஷினை இன்டர்நெட்டிலிருந்து பிரித்து, எஃப்டிபி வழியாக ஃபைலை எடுத்துக்கொள்வது மேல்.

கொட்டேஷனை நீட்டும் இன்ஜினியரிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: சந்தேகப்படும் கார்டை, நன்றாக ஓடுகிற மெஷினின் இடத்துக்கு மாற்றி, அங்கேயும் அதே பிழை வருவதைக் காட்டச் சொல்ல வேண்டும். ஐந்து நிமிட வேலை. கும்பகோணத்தில் அதைச் செய்திருந்தால் ஒரு கார்டுகூட வாங்கியிருக்க வேண்டாம். காட்ட மறுத்தால் கையெழுத்துப் போடக்கூடாது.