ஃபுட்டியா? எந்த ஊர் ஃபுட்டி?

கே: மெல்பர்னில் இருக்கும் என் மகன் 'ஃபுட்டி' பார்க்கப் போனதாகப் போட்டோ அனுப்பினான். பந்து முட்டை வடிவத்தில் இருக்கிறது. ஆளாளுக்கு அதைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். இது எந்த ஊர் ஃபுட்பால்?
– வாசகி, கோவில்பட்டி

ப: அந்த ஊர் ஃபுட்பால்தான் அம்மா. லண்டன் பையன் ஃபுட்டி என்றால் அது நம்ம கால்பந்து. ஆக்லாந்தில் ரக்பி. சிட்னி, பிரிஸ்பேனில் 13 பேர் ஆடும் ரக்பி லீக். மெல்பர்ன், அடிலெய்டு, பெர்த் பக்கம் 18 பேர் ஆடும் ஆஸ்திரேலிய ஃபுட்பால். எந்த இடத்தில் அர்த்தம் மாறுகிறது என்பதற்கு 1978-ல் இயன் டர்னர் என்ற வரலாற்றாசிரியர் வரைபடத்தில் ஒரு கற்பனைக் கோடே போட்டுவிட்டார். ரான் பாராஸி என்ற ஆட்டக்காரர் பெயரால் 'பாராஸி கோடு'. சேனல் நைன் இன்னும் சாமர்த்தியம்: 1994-ல் 'தி ஃபுட்டி ஷோ' என்று ஒரே பெயரில் இரண்டு நிகழ்ச்சிகளைத் தொடங்கியது. மெல்பர்ன் ஆட்டத்துக்கு ஒன்று, சிட்னி ஆட்டத்துக்கு ஒன்று!

நம்ம கால்பந்துக்கு அங்கே 'சாக்கர்' என்றே பெயர். 2005-ல் அதன் சங்கம் கௌரவமாக 'ஃபுட்பால்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. தேசிய அணி மட்டும் இன்றும் 'சாக்கரூஸ்'. கெஜட்டில் பெயர் மாற்றியவரை வீட்டில் பழைய பெயரிலேயே கூப்பிடுகிற கதைதான்.

மெல்பர்ன் ஆட்டம் அயர்லாந்துக்காரர்கள் கொண்டுபோன கேலிக் ஃபுட்பால் என்று யாராவது அளந்தால் நம்பாதீர்கள். மெல்பர்ன்காரர்கள் விதி எழுதியது 1859-ல். கேலிக் ஆட்டத்துக்கு விதி எழுதியது 1885-ல். பேரன் பிறந்து 26 வருடம் கழித்துத் தாத்தா பிறந்தாராம்! உண்மையான குற்றவாளி, இந்தப் பகுதியில் நான் ஓயாமல் சொல்லிவருவதுபோல, கிரிக்கெட். டாம் வில்ஸ் என்ற கிரிக்கெட் வீரர் 1858 ஜூலையில் ஒரு பத்திரிகைக்குக் கடிதம் போட்டார்: குளிர்காலத்தில் நம் ஆட்கள் உடம்பு மந்தமாகிவிடாமல் இருக்க ஒரு ஃபுட்பால் கிளப் வேண்டும்; முடியாவிட்டால் துப்பாக்கி சுடும் கிளப்பாவது வேண்டும். நல்லவேளை, முதல் யோசனை பலித்தது. இன்றைக்கும் பெரிய ஆட்டங்கள் கிரிக்கெட் மைதானத்தில்தான். எல்லாப் பழியும் கிரிக்கெட் மேல் போடுகிறேன் என்பவர்கள் மைதானத்தின் வடிவத்தைப் பார்க்கட்டும்.

கே: பந்தைக் கையால் எறியலாமா?

ப: கூடவே கூடாது. ஒரு உள்ளங்கையில் வைத்து மறு கை முஷ்டியால் குத்த வேண்டும். பந்தோடு ஓடினால் 15 மீட்டருக்கு ஒரு தடவை தரையில் தொட வேண்டும், அல்லது தட்டி எடுக்க வேண்டும். முட்டைப் பந்தைத் தட்டினால் எந்தப் பக்கம் எகிறும் என்று பிரம்மாவுக்கே தெரியாது. கம்பங்கள் நான்கு. நடு இரண்டுக்கு இடையே உதைத்தால் 6 புள்ளி. குறி தப்பிப் பக்கத்து இடைவெளியில் போனாலும் 1 புள்ளி. என் கணக்கு வாத்தியார் அந்த ஊரில் பிறந்திருக்க வேண்டும்.

கே: அது இருக்கட்டும். மகனுக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னுகிறேன். எப்போது அனுப்பலாம்?

ப: ஜூனுக்குள் போய்ச் சேரட்டும், அங்கே அப்போதுதான் குளிர். கறுப்பு வெள்ளையில் நெடுங்கோடு மட்டும் போட்டுவிடாதீர்கள். அது காலிங்வுட் கிளப்பின் சட்டை. மற்ற கிளப் ரசிகர்கள் அத்தனை பேரும் ஒற்றுமையாகச் செய்யும் ஒரே காரியம் காலிங்வுட்டைத் திட்டுவது. பச்சையில் பின்னுங்கள்.