ஏ.சி. கேஸ்: புதியவற்றின் குறைகள்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., வேதியியல்)

ஏ.சி. இயந்திரத்தில் அறையின் வெப்பத்தை வெளியே சுமந்து செல்வது ஒரு வாயு. அது ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சும். வெளியே மீண்டும் திரவமாகும்போது வெப்பத்தை விடும். மெக்கானிக்குகள் இதைக் 'கேஸ்' என்பர். பழைய கேஸ் போய்ப் புதியது வருவது நன்மையே. ஆயினும் புதியவற்றின் குறைகளையும் நாம் அறிதல் வேண்டும்.

பழையவை

தொடக்கத்தில் அமோனியா, கந்தக டை ஆக்சைடு போன்ற நச்சு வாயுக்களே பயன்பட்டன. 1928-இல் தாமஸ் மிட்ஜ்லி குழுவினர் நச்சற்ற, தீப்பிடிக்காத குளோரோ புளோரோ கார்பன்களைக் கொண்டுவந்தனர். நம் மேட்டூரிலும் கெம்பிளாஸ்ட் ஆலையில் இவை தயாராயின. இவற்றின் குளோரின் ஓசோனை அழிக்கும் என்று 1974-இல் மொலினாவும் ரோலண்டும் எச்சரித்தனர். 1985-இல் அண்டார்டிகா மேல் ஓசோன் துளை அறிவிக்கப்பட்டது. 1987-இல் மாண்ட்ரியல் உடன்பாடு பிறந்தது. 1992-இல் இணைந்த இந்தியா, 2008-இல் இவற்றின் உற்பத்தியை நிறுத்தியது. வீட்டு ஏ.சி.களின் ஆர்-22-இலும் குளோரின் உண்டு. ஆகவே அதுவும் விடைபெறுகிறது.

புதியவை

முதலாவது, ஆர்-410ஏ. இதில் குளோரின் இல்லை, ஓசோனுக்குத் தீங்கில்லை. ஆனால் ஒரு கிலோ கசிந்தால், நூறாண்டுக் கணக்கில் 2,088 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாகப் புவியைச் சூடேற்றும். ஆர்-22-க்கு இந்த எண் 1,810 தான்! அழுத்தமும் ஏறத்தாழ 60 விழுக்காடு அதிகம். பழைய இயந்திரத்தில் இதை நிரப்பலாகாது. இதன் நிலைமாறு வெப்பநிலை சுமார் 71 டிகிரி, ஆர்-22-க்கு 96. எனவே நம் வேலூர்க் கத்திரி வெயிலில் இதன் திறன் கூடுதலாகக் குறையும். இதனுடன் சேரும் எண்ணெய் ஒரு எஸ்டர். ஈரம் புகுந்தால் நீராற்பகுப்படைந்து அமிலமாகும்; நாம் ஆய்வகத்தில் கண்ட அதே வினைதான்.

இரண்டாவது, ஆர்-32. எண் 675 ஆகக் குறைந்தது. ஆனால் இலேசாகத் தீப்பற்றும். எரிந்தால் ஹைட்ரஜன் புளோரைடு என்ற கொடிய நச்சு உண்டாகும்.

மூன்றாவது, ஆர்-290. இது புரொப்பேன், நம் அடுப்பு கேஸின் ஓர் உறுப்பு. சூடேற்றும் எண் மிகச் சிறிது. தீ அபாயமோ மிகப் பெரிது.

கார்களில் வரும் ஆர்-1234ஒய்எஃப் சில நாட்களில் சிதைந்துவிடும். ஆனால் சிதைந்து உண்டாகும் டிரைபுளோரோ அசெட்டிக் அமிலம் மழையோடு இறங்கி நீரில் நெடுங்காலம் தங்கும்.

நம் பகுதிக்கு இது புதிய பாடமன்று. ஆவாரம்பட்டைக்குப் பதில் குரோமியம் வந்தபோது தோல் விரைவில் பதமாயிற்று. பாலாற்றுக்கு நேர்ந்ததோ 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை சென்றது.

செய்ய வேண்டுவது

அணைக்கட்டிலிருந்து வரும் நான் எங்கள் வீட்டின் முதல் கல்லூரி மாணவன். என்னுடன் பள்ளியில் படித்த சிலர் வேலூரிலும் ஆம்பூரிலும் ஏ.சி. பழுது பார்க்கின்றனர். குழாயிலுள்ள காற்றை வெளியேற்றக் கேஸையே சிறிது திறந்துவிடுவது பழைய கைப்பழக்கம். ஆர்-22-இல் அதனால் தீ மூளாது. ஆர்-290-இல் ஒரு பீடி நெருப்பு போதும், உயிர் போய்விடும். வாக்குவம் பம்ப் இன்றி வேலையைத் தொடங்கக் கூடாது என்பதை அவர்களுக்கு யார் சொல்வது?

2016-இன் கிகாலி திருத்தத்தை இந்தியா 2021-இல் ஏற்றுவிட்டது. சட்டம் தில்லியில் ஏற்கப்படும். சிலிண்டரைத் திறப்பவை நம் ஊர்க் கைகள். ஆகவே செப்டம்பர் 16, ஓசோன் நாளில், நம் வேதியியல் துறை ஐ.டி.ஐ. ஆசிரியர்களுடன் சேர்ந்து மெக்கானிக்குகளுக்குத் தமிழிலேயே ஒருநாள் பயிற்சி நடத்தலாம். பேராசிரியர்கள் வழிகாட்டினால் மாணவர்களாகிய நாம் உழைக்கத் தயார்.